தொண்டை பூட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள்: டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். நான்கு வருடத்துக்கு முன், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் நான் குடியிருக்கும் வீட்டின் சமையலறையில் எனக்கும் அப்படித்தான் தட்டினார்கள். வீட்டுக்கார ஆயா (இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் பாட்டியை ஆயா என்பார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன்) மசாலாவுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். தொண்டை கமறியது. இருமினேன். அடுத்த மூச்சை இழுத்தால் காற்று உள்ளே வரவில்லை. யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. இன்னும் பலமாக இழுத்தேன். கீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது. ஆயா தலையில் தட்டினார், முதுகில் தட்டினார், தண்ணீர் டம்ளரை வாயில் வைத்துச் சாய்த்தார். முப்பது நாற்பது நொடி இருக்கும். அதற்குள் ஊரில் அம்மாவுக்கு யார் போன் செய்து சொல்வார்கள் என்பது வரை யோசித்துவிட்டேன். அப்புறம் தானாகவே திறந்துகொண்டது.

அன்று நாங்கள் செய்ததில் ஒன்றுகூடச் சரியில்லை. தட்டியதும் தண்ணீர் கொடுத்ததும் இருக்கட்டும், நான் பலமாக இழுத்ததுதான் பெரிய தப்பு. இந்தத் தொல்லையோடு நான்கு வருடமாக இருந்து கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்த ஒரு தப்பைச் செய்யாமலிருக்கப் பழகியதுதான். உங்களுக்கும் இப்படி ஒருமுறை வந்து, அடுத்தது எப்போதோ என்ற பயத்தில் இருந்தால், மேலே படியுங்கள்.

உள்ளே நடப்பது என்ன

குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. மூச்சை இழுக்கும்போது அவை விலகும், பேசும்போது நெருங்கும், விழுங்கும்போது இறுக மூடிக்கொள்ளும். சோறும் தண்ணீரும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்காமல் காவல் காப்பது அவற்றின் முக்கிய வேலை. நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் காவல் அளவு மீறிப் போய்விட்டது. திருடன் வந்தால் கேட்டைப் பூட்டு என்று சொல்லி வைத்த செக்யூரிட்டி, தபால்காரரைப் பார்த்தாலும் பூட்டிக்கொள்கிற கதை. ஒரு துளி அமிலம், ஒரு நெடி, தொண்டையில் இறங்கும் கொஞ்சம் சளி எதுவானாலும் போதும்.

நாண்கள் முழுசாக மூடிக்கொண்டால் அதை லாரிங்கோஸ்பாசம் என்கிறார்கள். அரைகுறையாக நெருங்கி, மூச்சு இழுக்கும்போது கீச்சிட்டால் வோக்கல் கார்ட் டிஸ்ஃபங்ஷன். இப்போது அதற்கு இண்டியூசிபிள் லாரிஞ்சியல் அப்ஸ்ட்ரக்ஷன் என்று நீளமான பெயர். 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இதை ஹிஸ்டீரியாக் கணக்கில் சேர்த்தார்கள். 1974இல்கூட ஒரு மருத்துவக் கட்டுரை, நோயாளி நடிக்கிறார் என்ற பொருள்பட இதற்குப் பெயர் வைத்தது. 1983இல் அமெரிக்க மருத்துவர்கள், ஆஸ்துமா என்று வைத்தியம் பார்க்கப்பட்ட ஐந்து பேரின் தொண்டைக்குள் பார்த்து, மூச்சு இழுக்கும்போது நாண்கள் மூடுவதை எழுதிய பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது. யாராவது உங்களிடம் "எல்லாம் டென்ஷன்தான்" என்று சொன்னால் மனம் உடைய வேண்டாம். டென்ஷன் இதைத் தூண்டும், உண்மைதான். ஆனால் மூடுவது தசை.

ஆஸ்துமாவா, இதுவா?

எனக்கு முதலில் கிடைத்தது ஆஸ்துமா பம்ப். எட்டு மாதம் அடித்தேன். வித்தியாசம் கண்டுபிடிக்க நீங்களே கவனிக்கக்கூடியவை சில உண்டு. ஆஸ்துமாவில் மூச்சை வெளியே விடுவதுதான் அதிகச் சிரமம், இதில் உள்ளே இழுப்பது. ஆஸ்துமா நெஞ்சை இறுக்கும்; இங்கே கை தானாகத் தொண்டைக்குப் போகும். ஆஸ்துமா மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இது சுவிட்ச் போட்ட மாதிரி வந்து, நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ போய்விடும். பம்ப் அடித்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுவும் ஒரு தடயம்.

ஆனால் ஒன்று. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், நிறையப் பேருக்கு இருக்கிறது. அதனால் இதைப் படித்துவிட்டுப் பம்பைத் தூக்கி எறியாதீர்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

வந்தவுடன் செய்ய வேண்டியது

முதல் வேலை, இழுப்பதை நிறுத்துவது. உயிர் போகிற மாதிரி இருக்கும்போது மூச்சை இழுக்காதே என்றால் யார் கேட்பார்கள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் குறுகிய சந்தில் காற்றை வேகமாக உறிஞ்சினால் இரண்டு பக்கமும் இன்னும் நெருங்கத்தான் செய்யும். மெல்லிய பிளாஸ்டிக் பாக்கெட்டில் ஜூஸை வேகமாக உறிஞ்சிப் பாருங்கள், பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். வாயை மூடுங்கள். முடிந்தால் மனதுக்குள் மூன்று எண்ணும்வரை சும்மா இருங்கள். தோள்கள் காதுவரை ஏறியிருக்கும், அவற்றை இறக்குங்கள். உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மூக்கால் மோந்து பார்ப்பது. பூவை முகர்வது மாதிரி ஒரு சின்ன மோப்பம், உடனே இன்னொரு சின்ன மோப்பம். நெஞ்சு நிரம்ப வேண்டியதில்லை. முகரும்போது குரல்நாண்கள் நன்றாக விரிகின்றன. காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமராவை விட்டு என்னை முகரச் சொன்னபோது, திரையில் அவை விரிவதை நானே பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் இந்த முறையில் எனக்கு நம்பிக்கை வந்தது.

மூன்றாவது, உதட்டைக் குவித்துச் சூடான டீயை ஆற்றுவது மாதிரி மெல்ல வெளியே ஊதுவது. அல்லது பல்லிடுக்கில் "ஸ்ஸ்ஸ்" என்று விடுவது. வெளியே போவது உள்ளே வந்ததைவிட நீளமாக இருக்கட்டும். பிறகு மறுபடி மோப்பம், மறுபடி ஊதல். ஐந்தாறு சுற்றில் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

மூக்கடைத்திருக்கும் நாளில் மோப்பம் வேலை செய்யாது. அதற்காகப் பையில் ஒரு ஸ்ட்ரா வைத்திருக்கிறேன். ஸ்ட்ராவை உதட்டில் கவ்வி அதன் வழியாக மூச்சுவிட்டால், வேகமாக இழுக்க நினைத்தாலும் முடியாது. அதுதான் அதன் உபகாரம்.

காதுமடலுக்குப் பின்னால் அழுத்துவது பற்றியும் கேள்விப்படுவீர்கள். காதின் அடியில் தொங்கும் சோணைக்குப் பின்னே, தாடை எலும்புக்கும் மண்டை எலும்புக்கும் நடுவில் ஒரு குழி இருக்கும். இரண்டு பக்கமும் விரலால் வலிக்கும் அளவுக்கு உள்நோக்கி அழுத்துவது. ஃபிலிப் லார்சன் என்ற மயக்க மருந்து மருத்துவர் 1998இல் இதைப் பற்றி எழுதினார். அவர் எழுதியது ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்தில் இருப்பவர்களுக்கு. விழித்திருக்கும் நாம் செய்து பார்ப்பதில் தப்பில்லை. எனக்கு அதனால் தொண்டை திறக்கிறதோ இல்லையோ, பதறும் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

தண்ணீர் குடிப்பது, இறுக்கம் முழுசாகத் தளர்ந்த பிறகுதான், ஒவ்வொரு மடக்காக. மூடிய தொண்டையில் ஊற்றினால் அடுத்த இறுக்கத்துக்கு அதுவே காரணமாகிவிடும்.

கார் ஓட்டும்போது வந்தால் அபாய விளக்கைப் போட்டு மஞ்சள் கோட்டுக்கு இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். எக்ஸிட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எப்போது ஆம்புலன்ஸ்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து, கறித்துண்டோ எலும்போ சிக்கியிருக்குமோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும், அதை அடைப்பாகவே நினைத்து உதவ வேண்டும்: குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து அடி, அப்புறம் பின்னாலிருந்து வயிற்றைக் கட்டிப்பிடித்து உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம். மோந்து பார்க்கும் கதையெல்லாம் அங்கே வேண்டாம்.

உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு எழும்பினாலோ, தேனீ கொட்டிய பிறகோ புது மாத்திரை போட்ட பிறகோ வந்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு எனாலப்ரில், லிசினோப்ரில் போன்ற "ப்ரில்" என்று முடியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாக்கு வீக்கத்தை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். பல மாதம் ஒன்றும் செய்யாமலிருந்த மாத்திரையே திடீரென்று வீக்கத்தைக் கொண்டுவரும். உதடு நீலம் பாய்ந்தாலும், மயங்கி விழுந்தாலும், ஓரிரு நிமிடத்தில் தளராவிட்டாலும் அதே அவசரம்தான். காய்ச்சலோடு எச்சில்கூட விழுங்க முடியாமல் ஒழுகினாலும் அப்படியே.

அரசு ஆம்புலன்ஸ் எண் 10177. செல்போனிலிருந்து 112. மெடிக்கல் எய்ட் (இங்குள்ள தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தால் உங்கள் திட்டம் எந்தத் தனியார் ஆம்புலன்ஸோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து, அந்த எண்ணைப் போனில் ஏற்றி வையுங்கள்.

நல்ல நாளில் பழகுவது

மோப்பமும் ஊதலும் படிக்கும்போது சுலபமாக இருக்கும். தொண்டை பூட்டிய நொடியில் மூளை வெறுமையாகிவிடும், கைகால் பழகியது மட்டும்தான் வரும். அதனால் ஒன்றும் இல்லாத நாளில், காலை மாலை ஐந்து நிமிடம், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு செய்யுங்கள். கை ஏறி இறங்க வேண்டும், தோள் அசையக் கூடாது. நான் பல் தேய்த்த கையோடும் பஸ் நிறுத்தத்திலும் செய்கிறேன். இரண்டு மாதம் ஆனது, தானாக வருவதற்கு. அதற்குப் பிறகு வந்த ஒரு இறுக்கம், கமறல் கட்டத்திலேயே நின்றது. அன்று நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் சமோசா வாங்கினேன், எதற்கென்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு பழக்கம்: செருமாதீர்கள். தொண்டையில் ஏதோ இருக்கிற மாதிரி தோன்றும்போதெல்லாம் செருமினால் நாண்கள் இரண்டும் மோதி மோதிப் புண்ணாகும். எச்சிலை விழுங்குங்கள், அல்லது ஒரு வாய் தண்ணீர்.

உங்கள் தொண்டைக்கு எது ஆகாது

ஒரு சின்ன நோட்டு வாங்கி, ஒவ்வொரு முறையும் நாள், நேரம், கடைசியாகச் சாப்பிட்டது, சுற்றி இருந்த வாசனை, சளி இருந்ததா என்று எழுதுங்கள். பத்துப் பதிவுக்குள் ஒரு வழி தெரிய ஆரம்பிக்கும்.

எனக்குத் தெரிந்தது எதுக்களிப்பு. நெஞ்செரிச்சல் ஒருநாளும் இருந்ததில்லை, அதனால் நம்பவே இல்லை. அமிலம் நெஞ்சில் எரியாமலேயே தொண்டைவரை வந்து நனைத்துவிட்டுப் போகும்; காலையில் குரல் கரகரப்பதும் வாய் புளிப்பதும்தான் அடையாளம். டர்பன் சாப்பாட்டைச் சொல்லவே வேண்டாம். இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு மட்டன் பன்னி சௌ (நடுவைக் குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருவது), எண்ணெய் மிதக்கும் சிவப்புக் குழம்பு, மாங்காய் அச்சார், மேலே ஒரு கோக். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குப் படுத்தால் அமிலம் வேறு எங்கே போகும்? பன்னி சௌவை விடச் சொல்லவில்லை, நானும் விடவில்லை. மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறேன். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குச் செங்கல் வைத்தேன். தலையணையை அடுக்கினால் போதாது, வயிறு மடங்கி இன்னும் மேலே தள்ளும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவுகிறது. தொண்டைக்கு இதமென்று புதினா மிட்டாய் சப்புகிறவர்கள் கவனிக்க: புதினா இரைப்பையின் வாசல் தசையைத் தளர்த்தும், எதுக்களிப்பைக் கூட்டும்.

ராத்திரித் தூக்கத்தில் மூச்சுமுட்டி எழுகிறவர்களுக்கு எதுக்களிப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கூடவே பலத்த குறட்டை இருந்தால் ஸ்லீப் ஏப்னியா (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பது) சோதனையும் கேளுங்கள். எழுந்தவுடன் காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, அதே மோப்பம், அதே ஊதல்.

மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கும் சளிக்கு, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் உப்புப் போட்டு மூக்கைக் கழுவலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள்.

நெடிகளில் வீட்டுக்குள் இருப்பதை நம்மால் மாற்ற முடியும். மிளகாய் வறுக்கும்போதும் தாளிக்கும்போதும் கதவு ஜன்னலைத் திறந்து வெளியே போய்விடுங்கள். ஜிக் (இங்கே விற்கும் பிளீச்) ஊற்றிக் கழுவுவதை வேறு யாராவது செய்யட்டும். ஜிக்கோடு அம்மோனியா கலந்த கிளீனரையோ அமிலத்தையோ சேர்ப்பது யார் தொண்டைக்குமே விஷம். பூச்சிக்கு ஸ்பிரே வேண்டாம், மூலையில் தடவும் பசை மருந்து கிடைக்கிறது.

வெளியே இருப்பது வேறு கதை. ஏப்ரலிலிருந்து டிசம்பர்வரை கரும்பு வெட்டும் காலம். வெருலம், டொங்காட் பக்கம் வெட்டுவதற்கு முன் தோட்டத்துக்குத் தீ வைப்பார்கள், துணி காயும் கொடியில் கரித்தூள் வந்து விழும். 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து முதல் கூலிகள் வந்திறங்கியது இந்தக் கரும்புக்குத்தான். அந்தத் தொண்டைகள் என்ன பாடு பட்டனவோ. புகை தெரிந்தால் ஜன்னலைச் சாத்துங்கள், அன்று மாடியில் நடை வேண்டாம். வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள், மெர்பேங்க், ஜேக்கப்ஸ் போன்ற தெற்கு டர்பன் பகுதிகளில் தொழிற்சாலைகள் வீடுகளை ஒட்டியே இருப்பதை மனதில் வைத்து, காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை போய் முகர்ந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கோயிலை விட முடியுமா? ஈஸ்டர் சமயம் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்திலும், தைப்பூசக் காவடியிலும், சூடமும் சாம்பிராணியும் இல்லாமல் ஒன்றும் நடக்காது. காற்று வரும் பக்கமாக நின்றுகொள்ளுங்கள், தீபாராதனையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஜோஹன்னஸ்பர்க் போகிறவர்களுக்கு வேறு தொல்லை: ஜூன், ஜூலை காலைகளின் வறண்ட குளிர்க்காற்று. மூக்கு வாயை மூடி ஒரு ஸ்கார்ஃப் போதும்.

டாக்டரிடம் போகும்போது

நீங்கள் ஆஸ்பத்திரி சேர்வதற்குள் தொண்டை திறந்திருக்கும், ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கோளாறாக ஒன்றும் கேட்காது. பிறகு நாம் சொல்வதை யார் நம்புவார்கள்? அதனால் கூட இருப்பவரிடம் சொல்லி, அடுத்த முறை வரும்போது கழுத்தும் முகமும் தெரிய, சத்தம் கேட்கும்படி, போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எட்டு மாதப் பம்பை மாற்றியது இருபது நொடி வீடியோதான்.

அரசு வழியில் போனால் முதலில் உங்கள் பகுதி கிளினிக், அங்கிருந்து மாவட்ட அல்லது வட்டார மருத்துவமனை. சாட்ஸ்வர்த்காரர்களுக்கு அது பெரும்பாலும் ஆர். கே. கான். கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேரே போக முடியாது. தனியாரில் குடும்ப டாக்டர் கடிதம் கொடுப்பார். புதிதாக மெடிக்கல் எய்டில் சேருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பொதுவாக 3 மாதமும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதமும் வரை காத்திருக்க வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. படிவத்தில் மறைத்துப் பிறகு மாட்டிக்கொள்வதைவிட, சேரும் முன் கேட்பது நல்லது.

கேமராப் பரிசோதனைக்கு மயக்கம் தேவையில்லை. மூக்கில் மரப்பு மருந்து அடித்து மெல்லிய குழாயை விடுவார்கள். இறுக்கம் இல்லாத நேரத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரியும், அதற்காக ஏமாந்துபோகாதீர்கள். தைராய்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரத்துப்போகிறது என்றால், கால்சியம் ரத்தப் பரிசோதனையை நினைவுபடுத்துங்கள். கால்சியம் குறைந்தாலும் குரல்வளை இறுகும்.

இதற்குச் சரியான ஆசிரியர் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சு நன்றாகத்தானே இருக்கிறது என்று முதலில் நான் போகவில்லை. மூச்சுப் பயிற்சியை உங்கள் குரல்வளைக்குத் தகுந்தபடி திருத்திக் கொடுப்பவர் அவர்தான். தென்னாப்பிரிக்க ஆரோக்கியத் தொழில் கவுன்சிலில் (HPCSA) பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், அது பல் ஆபரேஷனாக இருந்தாலும், மயக்க மருந்து டாக்டரிடம் இந்தத் தொல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூட இருப்பவர்களுக்கு

பூட்டிக்கொண்ட நேரத்தில் பேச முடியாது. ஒரு சின்ன அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்: தொண்டை இறுக்கம், பேச முடியாது, சீக்கிரம் சரியாகிவிடும், தண்ணீர் தராதீர்கள், மயங்கினால் 10177. கீழே சூலு மொழியில் "ங்கிசேலா உசிசோ" (Ngicela usizo) என்று ஒரு வரி, உதவுங்கள் என்று பொருள். அதை வாயால் சொல்ல நினைக்க வேண்டாம். நடுவில் நாக்கைச் சொடுக்கும் ஒலி ஒன்று வரும், தொண்டை திறந்திருக்கும்போதே எனக்கு அது வரவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சைகை சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் கட்டைவிரலை உயர்த்தினால் "இது அதுதான், பயப்படாதே" என்று அர்த்தம். அப்படிக் காட்டினால் ஆயா தட்டுவதில்லை. எதிரே உட்கார்ந்து, தானும் மூக்கால் இரண்டு முறை முகர்ந்து, உதட்டைக் குவித்து ஊதுகிறார். பார்த்துச் செய்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. மிளகாய் வறுக்கும் நாளில் கொல்லைக் கதவைத் திறந்து வைத்து, "கண்ணு, வெளிய போ, நா சட்டிய வைக்கப் போறேன்" என்று முன்கூட்டியே குரல் கொடுத்துவிடுவார்.